வெயிலில் வெந்நீர்: சிறு விவசாயி வீட்டுக்கு ஏற்றது எது?

மார்கழி, தை மாதங்களில் விடிவதற்கு முன்னால் நிலையூர், தனக்கன்குளம், தோப்பூர், வலையங்குளம் பக்கம் போனால், வீட்டுக்கு வீடு கொல்லையில் புகை எழும்புவதைப் பார்க்கலாம். பிள்ளைகளும் பெரியவர்களும் குளிப்பதற்கும், பால் பாத்திரம் கழுவுவதற்கும் வெந்நீர் போடுகிறார்கள். பனியில் நனைந்து மல்லிகை பறித்துவிட்டு வரும் பெண்களுக்கும் ஒரு வாளி சுடுநீர் வேண்டியிருக்கிறது. இதற்காக எரிக்கிற விறகு, எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உரத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவை நோட்டில் எழுதி வைப்பவர்கூட வெந்நீர்ச் செலவை எழுதுவதில்லை.

விறகு முன்போல் சும்மா கிடைப்பதும் இல்லை. கண்மாய்க் கரைகளில் மண்டிக்கிடந்த சீமைக் கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ல் உத்தரவிட்ட பிறகு பல கண்மாய்கள் துப்புரவாயின. கண்மாய்க்கு அது நல்லது. ஆனால் முள் விறகை நம்பியிருந்த வீடுகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நம் வட்டாரத்தில் குறையாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதான். அதைக் கொண்டு வெந்நீர் போடுவது யாருக்குக் கட்டுப்படியாகும், யாருக்குக் கட்டுப்படியாகாது என்பதை இங்கே கவனிப்போம்.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி, அதாவது 18 லிட்டர் வீதம் 90 லிட்டர் வெந்நீர் வேண்டும். குளிப்பதற்கு 40 டிகிரி சூடு போதும். அதற்கு மேல் உடம்பு தாங்காது. எப்படியும் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித்தான் குளிக்கிறோம். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி இருப்பதாக வைத்துக்கொண்டால் 13 டிகிரி ஏற்ற வேண்டும். 90ஐ 13ஆல் பெருக்கினால் 1,170 கிலோ கலோரி ஆகிறது.

உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி இருக்கிறது. ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் ஒன்றரைப் பங்குதான் தண்ணீருக்குப் போய்ச் சேரும். மீதி காற்றோடும் புகையோடும் போய்விடும். ஆகவே இந்த ஐந்து வாளிக்கு நாள்தோறும் 2 முதல் 3 கிலோ விறகு எரிகிறது. மாதத்துக்கு 60 முதல் 90 கிலோ.

எரிவாயுவில் போட்டால், அடுப்பின் இழப்பு போக ஒரு கிலோவுக்குச் சுமார் 7,000 கிலோ கலோரி கிடைக்கும். நாளொன்றுக்கு 170 கிராம் வாயு செலவு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 85 நாளில் வெந்நீருக்கே தீர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் வெந்நீர் போடும் வீட்டில் நான்கு சிலிண்டருக்கு மேல் குளியலறையில் கரைகிறது.

மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி. ஐந்து வாளிக்கு ஏறக்குறைய 1.4 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். தொட்டி வைத்த கீசராக இருந்தால், தண்ணீர் சும்மா இருக்கும்போது ஆறிப்போகிற சூட்டையும் சேர்த்து 100 யூனிட்டைத் தொட்டுவிடும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று 2016 மே மாதம் அரசு அறிவித்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த 100 யூனிட்டை வெந்நீர் ஒன்றே குடித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விளக்கு, விசிறி, டெலிவிஷன் ஆகியவற்றின் செலவெல்லாம் அதற்கு மேல் ஏறிப்போய்க் கூடுதல் விகிதத்தில் விழுகிறது. பம்புசெட்டுக்கு வந்த இலவச இணைப்பிலிருந்து வயர் இழுத்து வீட்டில் வெந்நீர் போடுவது சட்டப்படி குற்றம். ஈரத் தரையில் உயிருக்கும் ஆபத்து.

செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியவை

புதிய சாதனம் வாங்குவதற்கு முன் இருக்கிற அடுப்பைச் சீர் செய்யலாம். அண்டாவைத் திறந்து வைத்துச் சுட வைத்தால் ஆவியோடு வெப்பம் போகிறது. மூடி போட்டாலே விறகு மிச்சம். பாத்திரத்தின் அடிக்கரியைப் போக்கித் தேய்த்து வைப்பதைவிட, ஈர விறகை எரிக்காமல் இருப்பது முக்கியம். பருத்திமார், சோளத்தட்டை, தென்னை மட்டை எதுவானாலும் இரண்டு வாரம் வெயிலில் காய்ந்த பிறகே அடுப்புக்கு வர வேண்டும். ஈர விறகில் உள்ள தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பகுதி செலவாகிறது. அப்படி வருகிற புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் வீட்டுப் பெண்கள்.

புகையில்லா அடுப்புத் திட்டம் 1983ல் தேசிய அளவில் தொடங்கி 2002 வரை நடந்தது. அப்போது அமைத்த அடுப்புகளில் பல, புகைக்குழாயைச் சுத்தம் செய்யாமல் விட்டதால் அடைத்துக்கொண்டு இடிக்கப்பட்டன. குறை அடுப்பில் இல்லை. ஒழுங்காகக் கட்டிய இரண்டு வாய் அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் பயன்படும். விறகு சரிபாதியாகக் குறையும். சமையல் ஒரு வாயிலும் வெந்நீர் பின்வாயிலும் ஆகும். மண் வேலைக்குப் பேர்போன விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. அடுப்பு கட்டத் தெரிந்தவருக்கு நம் பகுதியில் பஞ்சம் இல்லை. நடுவில் நெருப்புக் குழாய் உள்ள பழைய செப்பு பாய்லர் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பாத்திரக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். நெருப்பைச் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் திறந்த அடுப்பைவிட அது எவ்வளவோ மேல். கொட்டாங்குச்சியும் பன்னாடையும் போதும்.

நான்கைந்து மாடு வைத்திருப்பவர்களுக்குச் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. நாள்தோறும் 50 கிலோ சாணம் போட்டால் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். மேலே சொன்ன ஐந்து வாளிக்கு அதில் அரை கன மீட்டர்கூட ஆகாது. சாணக் கரைசலும் வயலுக்கு உரமாகிறது. அந்தக் கலன் நல்ல நிலையில் ஓடுகிற வீட்டில் வெந்நீருக்கென்று தனியே பணம் போட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

வெயில் எவ்வளவு தரும்?

மதுரைச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளில் விழும் வெயில், ஆண்டுச் சராசரியாக 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 4,300 கிலோ கலோரி. சூரிய வெந்நீர்க் கலன் இதில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரில் சேர்க்கும். கூரையில் வைக்கிற மின்சாரத் தகடு ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். ஆகவே வெந்நீர் மட்டுமே நோக்கமானால் வெயிலை நேரடியாகத் தண்ணீரில் ஏற்றுவதே சிக்கனம்.

இது புதிய வித்தையும் அல்ல. அமெரிக்காவில் 1891லேயே கறுப்புத் தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெந்நீர் எடுக்கும் சாதனத்துக்கு ஒருவர் காப்புரிமை பெற்றார். இஸ்ரேலில் புதிய வீடு கட்டினால் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தே தீர வேண்டும் என்று 1980ல் சட்டம் வந்தது. நம் நாட்டில் பெங்களூர்ப் பக்கம் மாடிக்கு மாடி இதைக் காணலாம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி குளிர் உண்டு. நமக்கு அப்படி இல்லை. கலன் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

தொட்டியும் தட்டும் ஒன்றாக

மாலையில் வயலிலிருந்து திரும்பிக் குளிக்கிற பழக்கம் உள்ள வீடுகளுக்கு மிக மலிவான ஒரு முறை உண்டு. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் சோதித்துப் பார்த்த முறை இது. தொட்டி தனி, தட்டு தனி என்று இல்லாமல் தட்டையான தகரத் தொட்டியே வெயிலை வாங்கிச் சூடாகிறது.

4 அடி நீளம், 2 அடி 8 அங்குல அகலம், 4 அங்குல உயரத்தில் நாகமுலாம் பூசிய தகட்டில் தொட்டி செய்தால் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். நடுவில் தகடு உப்பாமல் இருக்க உள்ளே குறுக்குப் பட்டை வைக்கச் சொல்ல வேண்டும். மேல்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம் அடிக்க வேண்டும். இதை ஒரு மரப் பெட்டிக்குள் அடியிலும் பக்கங்களிலும் 3 அங்குலக் கனத்துக்கு உலர்ந்த உமி அல்லது தேங்காய் நார் அடைத்து வைத்து, தொட்டிக்கு மேல் ஒன்றரை அங்குலம் இடைவெளி விட்டுக் கண்ணாடி போட வேண்டும். உமி நனைந்தால் பயன் போய்விடும். மழைத் தண்ணீர் இறங்காதபடி ஓரங்களை அடைக்க வேண்டும். தெற்குப் பார்த்துச் சாய்த்து, கீழ்முனையில் பச்சைத் தண்ணீர் உள்ளே போகவும், மேல்முனையில் வெந்நீர் வெளியே வரவும் குழாய் வைத்தால் போதும். கீழே ஒரு வாளி ஊற்றினால் மேலே ஒரு வாளி வெந்நீர் வரும். வெளியேறும் குழாயில் திருகு வைத்து அடைக்கக் கூடாது. திறந்தே இருக்க வேண்டும்.

வெயில் உள்ள நாளில் மாலை 4 மணிக்குக் குளிக்கப் போதுமான சூடு தாராளமாக இருக்கும். இரவில் கண்ணாடி வழியாகச் சூடு போய்விடும் என்பதுதான் இதன் குறை. அந்தி சாயும்போது கண்ணாடி மேல் கனத்த சாக்கு மெத்தை போட்டு மூடினால் காலைக்கு ஓரளவு மிஞ்சும். காலைக் குளியலே முக்கியம் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

கடையில் வாங்கும் கலன்

கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, செப்புக் குழாய்கள் பதித்த தட்டைக் கண்ணாடிப் பெட்டி. 100 லிட்டர் கலனுக்கு 2 சதுர மீட்டர் தட்டு இருக்க வேண்டும். மற்றது, வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் 10 முதல் 15 வரை வரிசையாகச் செருகிய வகை. இரண்டிலும் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏறும். குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். தொட்டியைச் சுற்றிலும் சூடு காக்கும் அடைப்பு உள்ளதால் 60 டிகிரியில் வைத்த தண்ணீர் விடியும்போது 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும்.

எத்தனை லிட்டர் வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து பேருக்கு 200 லிட்டர் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் 53 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரோடு 27 டிகிரித் தண்ணீர் 100 லிட்டர் விளாவினால் 40 டிகிரியில் 200 லிட்டர் ஆகிறது. அது 11 வாளி. ஐந்து பேர் வீட்டுக்கு மட்டுமல்ல, பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும் நம் ஊர்ச் சூட்டுக்கு 100 லிட்டரே போதும்.

தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்த பிறகே வகையைத் தீர்மானிக்க வேண்டும். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் வெள்ளையாக உப்பு ஏடு கட்டினால் உங்கள் போர்வெல் தண்ணீர் கடினமானது. தட்டைப் பெட்டியின் செப்புக் குழாய் சன்னமானது. இந்த ஏடு இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை அடைத்துவிடும். பிறகு ஆசிட் விட்டுக் கழுவ ஆள் தேட வேண்டும். இப்படிப்பட்ட தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகையே மேல். ஆண்டுக்கு ஒரு முறை குழாயைக் கழற்றிச் சகதியைக் கொட்டிக் கழுவலாம். நல்ல கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் தட்டைப் பெட்டி வாங்கினால் நெடுங்காலம் உழைக்கும். அதற்கு ஐ.எஸ். 12933 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மலையடிவாரத்து வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு: குரங்கு. கண்ணாடிக் குழாயின் மேல் குரங்கு குதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடுகளில் கெட்டிக் கண்ணாடி போட்ட தட்டைப் பெட்டியோ, குழாய்களுக்கு மேல் அகலக் கண்ணி வலையோ தேவை. வலை நெருக்கமாக இருந்தால் வெயில் குறையும்.

வைக்கும் இடமும் விதமும்

கலன் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. ஆனி மாதத்தில் சூரியன் நம் உச்சிக்கும் வடக்கே போய்விடுகிறது. மார்கழியில் தெற்கே சாய்ந்து நடுப்பகலிலும் 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. வெந்நீர் தேவைப்படுவது மார்கழியில்தான். ஆகவே 20 முதல் 25 டிகிரி சாய்வு கொடுப்பது நல்லது. 6 அடி நீளத் தட்டுக்குத் தலைப்பக்கம் இரண்டேகால் அடி உயர்த்தினால் இந்தச் சாய்வு வந்துவிடும். தெற்கே 30 அடித் தென்னை நின்றால் மார்கழி நடுப்பகலில் 20 அடிக்கு நிழல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். நிழல் பார்த்து இடம் குறிக்க வேண்டுமானால் மார்கழியில் ஒரு நாள் முழுவதும் கவனித்துக் குறிப்பதே சரி.

தட்டைப் பெட்டி வகையில் தொட்டியின் அடிப்பாகம், பெட்டியின் மேல்முனையைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் வெந்நீர் தலைகீழாக ஓடித் தட்டில் ஆறிப்போகும். இரண்டு வகையிலும் பச்சைத் தண்ணீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் பலர். வெந்நீர்த் தொட்டியின் காற்றுக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

தண்ணீர் நிறைந்த 100 லிட்டர் கலன் 150 கிலோவுக்குக் குறையாது. ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் தாங்காது. காங்கிரீட் தளம் இல்லாதவர்கள் கொல்லையில் செங்கல் மேடை கட்டி வைக்கலாம். எங்கே வைத்தாலும் ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

குளியலறை எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அரை அங்குலக் குழாய் 60 அடி ஓடினால், அதில் ஆறிக் கிடக்கும் 3 லிட்டர் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும். சாதாரண பி.வி.சி. குழாய் இந்தச் சூட்டில் இளகி வளைந்துவிடும். வெந்நீருக்கென்று உள்ள சி.பி.வி.சி. குழாயே போட வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் தோலை வேக வைத்துவிடும். குழந்தைகள் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் திருகு வைக்க வேண்டாம்.

யாருக்குக் கட்டுப்படி?

பங்குனி முதல் ஆனி வரை நம் ஊரில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. குளிப்பதற்கு மட்டும், அதுவும் ஆண்டில் நான்கு மாதம் மட்டும் வெந்நீர் தேவைப்படுகிற சிறு குடும்பம், கடைக் கலனுக்குப் பணம் போட்டால் முதல் திரும்ப நெடுநாள் ஆகும். அவர்களுக்கு நல்ல அடுப்பும், மேலே சொன்ன தகரத் தொட்டியுமே போதும்.

கறவை மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு 365 நாளும் வெந்நீர் வேண்டும். பால் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, கடைசியில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கலனிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்காது என்பது உண்மையே. ஆனாலும் 27 டிகிரியிலிருந்து தொடங்காமல் 60 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும்போது எரிபொருளில் ஏறக்குறைய பாதி மிச்சமாகிறது. பால் திரிந்து திருப்பி அனுப்பப்படும் நஷ்டம் நின்றால் அதுவும் வரவுதான். விறகை விலைக்கு வாங்குகிற பெரிய குடும்பங்களுக்கும், நாள் தவறாமல் வெந்நீர் வேண்டிய முதியவர், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும்.

முடிவு செய்வதற்கு எளிய வழி, இந்த ஆண்டு வெந்நீருக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை யூனிட், எத்தனை கட்டு விறகு போயிற்று என்று எழுதிப் பார்ப்பது. கலன் விலையை அந்த ஆண்டுச் செலவால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று தெரியும். ஐந்து ஆண்டுக்குள் வந்தால் வாங்கலாம். எட்டு, பத்து என்று போனால் அந்தப் பணத்தைக் கிணற்றிலோ மாட்டிலோ போடுவது நல்லது.

மானியம் பற்றியும் கேட்கிறார்கள். மத்திய அரசின் சூரிய சக்தி இயக்கத்தின் கீழ் 2010க்குப் பின் வெந்நீர்க் கலனுக்குக் கிடைத்து வந்த மானியம் 2014ல் நிறுத்தப்பட்டது. 2024ல் வந்த பிரதமரின் வீட்டுக்கூரைத் திட்டம் மின்சாரத் தகடுகளுக்கானது. வெந்நீர்க் கலனுக்கு அல்ல. இரண்டையும் 'சோலார்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. மானியம் உண்டு என்று விற்பனையாளர் யாராவது சொன்னால், அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மூன்று நான்கு நாள் வெந்நீர் வராது. அதற்காகக் கலனுக்குள் மின்சாரக் கம்பி வைத்துக் கொள்வதைவிட, கொல்லையில் ஒரு பாய்லரும் நனையாத இடத்தில் ஒரு கட்டு விறகும் வைத்திருப்பது எளிது.

கண்ணாடிக் குழாய்க் கலனை வெறுமையாக வெயிலில் விட்டு நடுப்பகலில் தண்ணீர் திறந்தால் குழாய் வெடித்துவிடும். விடியற்காலையில்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு குழாயின் அடிமுனையிலும் வெள்ளிபோல் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் அந்தக் குழாயின் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அதை மட்டும் மாற்றினால் போதும். செம்மண் புழுதி பறக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன், கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.